ஒரு சொம்புத் தண்ணீருக்கு மூவாயிரம் ரூபாயா?

சேத்துப்பட்டு என்றால் சென்னைக்காரர்களுக்கு மின்சார ரயில் நிற்கிற ஒரு ஸ்டேஷன். நமக்கு அது போளூர், ஆரணி, வந்தவாசி, செஞ்சி என்று நாலு பக்கமும் பஸ் பிரிகிற ஊர். மின்வாரியத்தில் 34 வருடம் கம்பமும் கம்பியுமாகக் காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கார் வாங்கினேன். ஊசி போட ஆஸ்பத்திரிக்கு, ரேஷனுக்கு, கல்யாணத்துக்கு, கருமாதிக்கு எல்லாம் அதுதான். இன்றைக்கு அந்தக் காரில் இருக்கிற ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்காகச் சண்டை போடப் போகிறேன். யாரோடு என்று போகப் போகச் சொல்கிறேன். முதல் ஆள் நான்தான்.

முன் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுகிற லீவர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். இழுத்தால் பானெட் ஓரத்திலிருந்து இரண்டு கோடாகத் தண்ணீர் வரும், வைப்பர் துடைக்கும். அந்தத் தண்ணீர் இருக்கிற இடம்தான் வாஷர் டேங்க். உடம்பு முழுக்க முன்சக்கரத்துக்கு மேலே பம்பருக்குள் ஒளிந்திருக்கும், வாய் மட்டும் பானெட்டுக்கு அடியில் ஒரு மூடியோடு எட்டிப் பார்க்கும். என்னைக் கேட்டால் காரிலேயே மரியாதை இல்லாத உறுப்பு அதுதான். ஆயில் பார்க்கிறோம், காற்றுப் பிடிக்கிறோம், வெள்ளிக்கிழமை பொட்டுகூட வைக்கிறோம். இந்தத் தொட்டியை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏழு வருடம் நானும் பார்க்கவில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் போளூரில் சம்பந்தி வீட்டில் தங்கிவிட்டு, விடியற்காலை கிளம்பினேன். வழியில் தேவிகாபுரத்தில் ஒரு உறவினரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நெசவுத் தெரு ஒன்றில் வண்டியைத் திருப்பினேன். கிழக்குப் பார்த்த தெரு. சூரியன் அப்போதுதான் கூரை மட்டத்துக்கு ஏறியிருந்தது, நேராகக் கண்ணில் அடித்தது. ராத்திரிப் பனியும், ரோட்டுப் புழுதியும், வழியில் அடிபட்ட பூச்சிகளும் கண்ணாடியில் அப்பியிருந்தன. லீவரை இழுத்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை பச்சையாக, பாசி கரைத்த மாதிரி, நாலு சொட்டு துப்பியது. வைப்பர் அதை எடுத்துக் கண்ணாடி பூராவும் மெழுகிவிட்டது. அதன்மேல் வெயில் பட்டதும் எதிரில் தெரு இல்லை, ஆகாயம் இல்லை, வெறும் பால் வெள்ளை.

20 கிலோமீட்டர் வேகம்தான். ஆனால் 20 என்றாலும் நொடிக்கு ஐந்தரை மீட்டர் வண்டி போகிறது. யாரோ கத்துகிற சத்தம் கேட்டு பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால், பம்பருக்கு முன்னால் இரண்டு கை நீளத்தில் பாவு.

நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகள் படித்தால் தெரிய வேண்டுமே என்று சொல்கிறேன். பட்டுப் புடவையில் நீளவாட்டில் ஓடுகிற இழைகள்தான் பாவு. ஆயிரக்கணக்கான இழை. வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் நீட்டிக் கட்டி, அறுந்ததைப் பிணைத்து, ஒட்டியதைப் பிரித்து விடுவார்கள். குடும்பமே இரண்டு பக்கமும் நிற்கும். அன்றைக்கும் ஒரு கிழவர், இரண்டு பெண்கள், பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு பையன். பையன்தான் என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

கிழவர் திட்டவில்லை. கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இன்னா சார், மொகம் கழுவறதுக்குத் தண்ணி இல்லாம வண்டிய எட்டுத்துகினு வந்துட்டீங்க?" என்றார். வீட்டுக்குள் குரல் கொடுத்தார், ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. அவரே ஊற்றினார், நான் துடைத்தேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த வாரமே வண்டியை ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். பெயர் எதற்கு? ஏசி அறை, காபி மெஷின் எல்லாம் இருந்தது. டை கட்டிய தம்பி உட்கார்ந்து லீவரை இரண்டு தடவை இழுத்தார், கையில் இருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினார். "டேங்க் அசெம்ப்ளி மோட்டரோட மாத்தணும் சார். பம்பர் கழட்டணும். லேபரோட மூவாயிரத்துச் சொச்சம் வரும்." பானெட்டைத் திறக்கவே இல்லை.

"தம்பி, மோட்டார் சத்தம் கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு சார்."

"சத்தம் வந்தா மோட்டார் உயிரோட இருக்குன்னுதானே அர்த்தம்?"

சிரித்தார். "மாத்திட்டா உங்களுக்கு டென்ஷன் இல்ல சார்."

இந்த வாக்கியத்தோடுதான் என் சண்டை. அந்தத் தம்பியோடு இல்லை, அவர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார். 'மாற்றிவிட்டால் டென்ஷன் இல்லை' என்று சொல்லிச் சொல்லியே பழுது பார்ப்பது என்கிற வார்த்தையை நம் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் லைனில் சப்ளை இல்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பார், பிறகு ஜம்பரைப் பார், கடைசியாக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போ என்பார் எங்கள் ஃபோர்மேன். சின்னதிலிருந்து பெரியதுக்கு. இப்போது பெரியதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் பில்லும் பெரியது. லீவரை இழுத்ததும் 'ங்ங்' என்று சத்தம் வந்து தண்ணீர் வரவில்லை என்றால் அடைப்பு. சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ஒயர், அதற்கப்புறம்தான் மோட்டார். இதைக் கண்டுபிடிக்க டேப்லெட் வேண்டாம், காது போதும். மோட்டார் நிஜமாகவே எரிந்து போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும், நான் மறுக்கவில்லை. மோட்டாரைத் தனியாகவே வாங்கலாம்.

வீட்டுக்கு வந்து, வண்டி நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறந்தேன். டேங்க் மூடியின் காது எப்போதோ உடைந்து பாதி திறந்தே கிடந்திருக்கிறது. முன்பெல்லாம் ரேஷன் மண்ணெண்ணெயைக் கேனிலிருந்து இறைக்க ஒரு பிளாஸ்டிக் கை பம்பு வைத்திருப்போமே, அது பரணில் இருந்தது. அதைச் சோப்புப் போட்டு நாலு தடவை கழுவி, தொட்டிக்குள் விட்டு, வெள்ளை பக்கெட்டில் இறைத்தேன். வெள்ளை பக்கெட் என்பதால் எல்லாம் தெரிந்தது. பச்சைப் பாசி. அரிசிக் கஞ்சி ஆடை மாதிரி வெள்ளைத் திரை. அடியில் மணல். எல்லாவற்றுக்கும் நடுவில் துள்ளிக்கொண்டு கொசுப்புழு.

என் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "டெங்குன்னு சொல்லிட்டு பேரூராட்சியில இருந்து வர்றவங்க ஃப்ரிட்ஜுக்குப் பின்னால பார்த்தாங்க, பூந்தொட்டியப் பார்த்தாங்க. உங்க கார உட்டுட்டாங்க" என்றாள். தேங்கிய தண்ணீரில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். நான் ஏழு வருடம் கொடுத்திருக்கிறேன்.

பாசிக்கும் புழுவுக்கும் உடைந்த மூடி காரணம். அந்த வெள்ளைத் திரைக்கு? அதற்குக் காரணம் நான். சிக்கனம் என்று நினைத்து, குளியல் சோப்பு தேய்ந்து சில்லானதை எல்லாம் ஒரு பாட்டிலில் போட்டு ஊறவைத்து, போர் தண்ணீரில் கரைத்து, அவ்வப்போது அதில் ஊற்றி வந்தேன். கண்ணாடி பளிச்சென்று ஆகும் என்று நினைப்பு.

இதில் வெட்கம் என்னவென்றால், நான் ஒரு பட்டுச் சாயக்காரர் மகன். ஆரணியில் அப்பா சாயப்பட்டறையில் இருந்தார். கச்சாப் பட்டு நூல் விறைப்பாக இருக்கும். புழு கக்கும்போதே கூடவே வருகிற பசை அது, நூல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும், சாயம் பிடிக்கும். அந்த வேலைக்கு உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகத் திரிந்து நூலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடத்தில் சாயம் திட்டுத் திட்டாக விழும். அப்பாவுக்கு வேதியியல் தெரியாது. புதுக் கிணற்றுத் தண்ணீர் என்றால் வாயில் வைத்துப் பார்ப்பார், உள்ளங்கையில் சோப்பைத் தேய்த்து நுரைக்கிறதா, திரிகிறதா என்று பார்ப்பார். திரிந்தால் வேண்டாம், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்தது அவர் பிள்ளைக்குக் கார் வாங்கியதும் மறந்துவிட்டது. நான் ஊற்றிய சோப்பு திரிந்து, டேங்க் அடியில் இருக்கிற வலையில் ஒரு படலம், நாசில் துளையில் ஒரு படலம் என்று உட்கார்ந்துகொண்டது.

அடுத்த சண்டை 'தண்ணீர் தானே, எதை ஊற்றினால் என்ன' என்கிறவர்களோடு. எங்கள் வீட்டுக்கு ஆர்ஓ மெஷின் மாட்ட வந்த பையன் போர் தண்ணீரில் மீட்டரை விட்டு 1,300 என்றான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500. வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த உப்பெல்லாம் நாசிலின் குண்டூசி முனைத் துளையில் காய்ந்து காய்ந்து கல்லாகிறது. இதைவிடக் கொடுமை, ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை 'வீணாக்காதீர்கள், காருக்கு ஊற்றுங்கள்' என்று ஊரெல்லாம் யோசனை சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். நல்ல தண்ணீரில் இல்லாத உப்பு எங்கே போயிருக்கும்? அந்தக் கழிவில்தான் இருக்கிறது, கெட்டியாக. வாசல் தெளியுங்கள், கால்மிதி துவையுங்கள். டேங்க்கில் ஊற்றாதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் காசு கொடுத்து டிஸ்டில்டு வாட்டர் வாங்குகிறோமே, அங்கே போர் தண்ணீர் ஊற்றத் துணிவோமா?

ஏசி இருக்கிற வீடு என்றால் வெளியே சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து, துணியில் வடிகட்டி வையுங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து விழுகிற தண்ணீர், உப்பு கிடையாது. மழைத் தண்ணீரும் அப்படியே. 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? நான் அப்போது முணுமுணுத்தபடி கட்டியது இப்போது காருக்காவது உதவுகிறது. ஆனால் இந்தத் தண்ணீரைச் சும்மா விட்டால் அதுவும் பாசி பிடிக்கும். கடையில் கிடைக்கிற வாஷர் திரவத்தைப் பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலப்பதுதான் சரி. நான் காசு செலவழிப்பதற்கு எதிரி இல்லை. வீண் காசுக்கு எதிரி.

வெறும் தண்ணீர் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. 1976-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்து ஓட்டல் ஒன்றில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தது. வந்தவர்களுக்கு ஒரு விதமான நிமோனியா கண்டது, 29 பேர் இறந்தார்கள். மறு வருடம்தான் அது ஒரு பாக்டீரியா என்று பிடித்தார்கள், லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் வளரும், பனித்துளி மாதிரித் தெறிக்கிற நீர் மூச்சில் போனால் நுரையீரலில் இறங்கும். வெதுவெதுப்பு, தேக்கம், தெறிப்பு மூன்றும் சேர்ந்த இடம் காரில் எது? 2010-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, வாஷர் திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியவர்களுக்கு இந்த நோய் வருகிற வாய்ப்பு கூடுதல் என்றது. குளிர் நாட்டிலேயே அப்படி. நம் ஊர் சித்திரை வெயிலில் பானெட்டுக்கு அடியில் என்ன சூடு என்று கை வைத்தவர்களுக்குத் தெரியும். நம் வயதில் நெஞ்சுச் சளியே போதும், புதிதாக ஒன்று வேண்டாம்.

சுத்தம் செய்தது எப்படி என்று கேட்பீர்கள். பழைய தண்ணீரை இறைத்தாயிற்று. தயவு செய்து டியூபில் வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், பெட்ரோல் உறிஞ்சிப் பழகிய நமக்கு அந்தக் கெட்ட புத்தி உண்டு. பிறகு கை பொறுக்கிற வெந்நீரில் வினிகரைச் சரிபாதி கலந்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டேன். சுண்ணாம்புப் படிவத்தை வினிகர் கரைக்கும். சமையல் வினிகர் போதும். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள், ரப்பர் டியூபையும் பெயின்டையும் தின்றுவிடும். வீட்டுக்காரம்மா, "ஒரு கை அரிசி போட்டுக் குலுக்குங்க, ஃபிளாஸ்க் அப்படித்தான் கழுவுவோம்" என்றாள். நல்ல யோசனைதான், ஆனால் ஃபிளாஸ்க்கைக் கவிழ்க்கலாம், இதைக் கவிழ்க்க முடியாது. ஒரு அரிசி மோட்டார் வாயில் மாட்டினால் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு நாமே வழி செய்த மாதிரி. அரிசியைச் சோற்றுக்கே விட்டுவிட்டு, இறைத்து, ஊற்றி, இறைத்து, பக்கெட் தெளியும் வரை ஐந்து முறை. தண்ணீர் இல்லாதபோது லீவரை இழுத்துப் பிடிக்கக் கூடாது, அந்தக் குட்டி மோட்டார் தண்ணீரில்தான் குளிர்கிறது.

பிறகு நாசில். பானெட்டுக்கு அடியில் டியூபைக் கழற்றி, லீவரை ஒரு நொடி தட்டினால் டியூப் வரை தண்ணீர் வந்தது. ஆகவே அடைப்பு கடைசி அரை அங்குலத்தில்! வினிகரில் நனைத்த பஞ்சை நாசில்மேல் வைத்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய தையல் ஊசியால் மேலாக ஒரு தொடு தொட்டேன். ஆழமாகக் குத்தினால் துளை பெரிதாகும், சிலதில் உள்ளே குட்டி வால்வு இருக்கும், அதுவும் போகும். கடலை அளவு வெள்ளைக் கல் உதிர்ந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் கடுகுகூட இல்லை, ரவை. ஒரு ரவைக்காகத்தான் பம்பரைக் கழற்றுவதாக இருந்தார்கள்.

மொத்தச் செலவு வினிகர், கடையில் வாங்கிய புது மூடி, இரண்டு மணி நேரம். முதுகு வலிக்குத் தைலம் தனி.

ஒரு எச்சரிக்கை விட்டுப் போயிற்று. பானெட்டைத் திறந்தால் இன்னொரு பிளாஸ்டிக் தொட்டியும் தெரியும், பக்கத்தில் குறைந்தது, நிறைந்தது என்று இரண்டு கோடு போட்டிருக்கும். அது கூலன்ட். இன்ஜின் சூட்டில் அதன் மூடியையோ ரேடியேட்டர் மூடியையோ திறந்தால் முகம் வெந்துவிடும். வாஷர் டேங்க் மூடியில் கண்ணாடியும் நீரூற்றும் மாதிரி படம் இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஒரு நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "இதெல்லாம் ஒரு விஷயமா? மழை வந்தால் வைப்பர் போடுவோம், மற்றபடி எதற்கு?" என்றார். நாலு காலத்தில் மழை மூன்று மாதம்தான். மிச்சம் ஒன்பது மாதம் புழுதி, கரும்பு லாரி, நெல் அறுவடைத் தூசி, முதல் மழைக்கு ஈசல். 1903-ல் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார், பனியில் டிராம் டிரைவர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான். அவர்களுக்கு வானமே தண்ணீர் கொடுத்தது. நமக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடுகிற வைப்பர் துடைப்பதில்லை, தேய்க்கிறது. மணல் கண்ணாடியைவிடக் கடினம். அந்தக் கீறல்களில்தான் ராத்திரி எதிர் வண்டி லைட் சிதறிக் கண்ணைக் கட்டுகிறது. அதற்குக் கண் டாக்டரிடம் போய் நிற்கிறோம். கண்ணில் புரை என்று ஒன்று இருந்தால் அதையும் பாருங்கள், எனக்கும் ஒரு கண்ணில் ஆரம்பம்தான். கண்ணாடியில் புரை வளர்க்க வேண்டாம்.

போன வாரம் தேவிகாபுரம் போனேன். அந்தத் தெரு முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்துதான் போனேன். கிழவர் திண்ணையில் இருந்தார், அடையாளம் கண்டுகொண்டார். "தண்ணி வருதா சார்?" என்றார். பையனையும் கூட்டிக்கொண்டு வண்டி வரை வந்தார். நான் பெருமையாக உள்ளே உட்கார்ந்து லீவரை இழுத்தேன். ஊசியால் தொட்டபோது ஒரு நாசிலின் குறி மேலே திரும்பிவிட்டது போல. தண்ணீர் கண்ணாடியைத் தாண்டி, கூரையைத் தாண்டி, பின்னால் சைக்கிளோடு நின்றிருந்த கீரைக்காரம்மா மேல் விழுந்தது. பையன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தம்மாவிடம் மூன்று கட்டு கீரை வாங்கிக்கொண்டு வந்தேன். நாளைக்கு அந்த நாசிலைச் சரி செய்ய வேண்டும்.